துடைப்பம் சொன்ன பொருள்

ஆசிரியருக்கு,

யூத உரையாசிரியர்கள் எபிரேயச் சொற்களுக்கு மரபை மட்டுமே நம்பிப் பொருள் சொன்னார்கள் என்று ஞாயிறு இதழ்க் கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. வேதாகமத்தில் ஏசாயா 14:23இல் வரும் ஒரு சொல் ரபிகளுக்கே (யூத வேத அறிஞர்களுக்கே) பிடிபடவில்லையாம். ரபி யூதாவின் வீட்டு வேலைக்காரப் பெண் இன்னொருத்தியிடம், துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கச் சொல்கிறாள். அவள் வாயில் அதே சொல்! 'பெருக்குவது' என்ற பொருள் அப்படித்தான் பிடிபட்டது. யூதச் சட்டமும் விளக்கங்களும் அடங்கிய தல்மூத் நூல் இதைக் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறது.

அப்புறம் சங்கீதம் 55இல் வரும் 'யெஹாவ்'. மூட்டை சுமந்து நடந்த ரபி ஒருவரிடம் கூடவந்த அரபியர் ஒருவர், "உன் யெஹாவை என் ஒட்டகத்தின்மேல் போடு" என்றார். நம் தமிழ் வேதாகமத்தில் 'உன் பாரத்தை வைத்துவிடு' என்று படிக்கிறோமே, அந்தப் 'பாரம்' இதுதான்.

பிரான்சின் த்ருவா நகரத்து உரையாசிரியர் ராஷி (1040–1105), தனக்கு முந்தைய மெனாஹேம் என்பவரின் எபிரேய அகராதியைப் புரட்டினார், வேதாகமத்தின் அரமேய மொழிபெயர்ப்பையும் பார்த்தார். அதோடு நிற்காமல், நூற்றுக்கணக்கான இடங்களில் தன் ஊர்ப் பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் எழுதிப் பொருள் காட்டினார். பழைய பிரெஞ்சை ஆராய்பவர்கள் இன்று அவர் உரையையும் தேடிப் போகிறார்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை