ஆயிரம் லிஸ்டிங் என்றால் எத்தனை சேலை? ஒரு திறந்த மடல்

விற்பனையாளர் உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆன்லைன் விற்பனைத் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, படித்தால் உங்களுக்கே புரிந்துவிடும். நான் சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் பார்க்கிறேன். சொந்தத் தறி கிடையாது. தறிக்காரர்களிடம் கட்டாக எடுத்து, படம் பிடித்து, உங்கள் தளத்தில் ஏற்றி, ஆர்டர் வந்தால் பேக் பண்ணி அனுப்புவதுதான் வேலை.

என் கணக்குக்கு ஆயிரம் லிஸ்டிங் வரம்பு, அதாவது தளத்தில் ஆயிரம் பொருள் பதிவு வரைக்கும் ஏற்றலாம். சரி, தாராளம் என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு நான் எடுத்ததே 38 டிசைன்தான். ஒரு டிசைனுக்கு 12 கலர், அதை பிளவுஸோடு ஒரு விலை, பிளவுஸ் இல்லாமல் ஒரு விலை என்று போட்டேன். எனக்கு அது 38. உங்கள் கணக்கில் 38-ஐ 12-ஆல் பெருக்கி மறுபடி இரண்டால் பெருக்கி 912. இதோடு போன வருஷத்துச் சரக்கு, ஸ்டாக் தீர்ந்து நான் மறைத்து வைத்திருந்தவை, ஒரு 140. கடையில் இல்லாத சேலைக்கும் ரேக்கில் இடம் ஒதுக்குவீர்கள் என்று எனக்கு யார் சொன்னது? ஆக 1052. ஐம்பத்திரண்டு வெளியே.

வெளியே போனதுகூட எனக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். ராத்திரி பதினொன்றரைக்கு எக்செல் ஷீட்டை அப்லோடு பண்ணினேன், பச்சை டிக் வந்தது, ‘பதிவேற்றம் முடிந்தது’ என்றது, படுத்துவிட்டேன். நாலு நாள் கழித்து, வாடிக்கையாக வாங்கும் ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, இது உங்கள் கடையில் காணோமே தம்பி என்று கேட்ட பிறகுதான் ஷீட்டையும் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு டிசைன் முழுசாக இல்லை, அதற்கு முந்தையதில் இரண்டு கலர் இல்லை. ஷீட்டில் கடைசியில் இருந்தவைதான் புதுசாக வந்த டிசைன்கள், அந்த சீசனில் ஓட வேண்டியவை.

இங்கிலாந்தில் 2020-இல் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வகைக் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் பிடிக்காது. மீதி சத்தமில்லாமல் உதிர்ந்து, 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமலே போயின. என் 52 சேலையை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு இடத்திலும் தப்பு ஒன்றேதான்: கொள்ளவில்லை என்றால் கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும், கொண்ட மாதிரி தலையாட்டக் கூடாது.

அப்புறம் தலைப்பு. இதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் படிவத்தில் தலைப்புக்கு 150 எழுத்து என்று போட்டிருக்கிறது. நான் தமிழில் இப்படி எழுதினேன்: ‘இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் மயில்கழுத்துக் கலர் ஜரிகை சேலை’. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 29 எழுத்து, நடுவில் ஆறு இடைவெளி. தளத்தில் வந்தது என்ன தெரியுமா? ‘இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் மயில்கழுத்துக் கலர் ஜரிகை சே’. சே! நான் சொல்ல வேண்டியதை என் சேலையே சொல்லிவிட்டது.

என் தங்கை மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவள்தான் உட்கார்ந்து எண்ணிச் சொன்னாள். நாம் ஒரு எழுத்து என்று நினைக்கும் ‘சே’ கம்ப்யூட்டருக்கு இரண்டு: ‘ச’ தனி, அந்த இரட்டைக் கொம்பு தனி. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் இடம். ஆங்கில எழுத்துக்கும் இடைவெளிக்கும் ஒரே பைட். ‘இளம்பிள்ளை’ நமக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் பத்து குறி, முப்பது பைட். ‘ஜரிகை சே’ வரைக்கும் கூட்டினால் சரியாக 150 பைட் வருகிறது. அதாவது நீங்கள் எழுத்து என்று எழுதி வைத்துவிட்டு பைட்டை எண்ணுகிறீர்கள். எஸ்எம்எஸ்ஸிலும் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70 என்று குறைவுதான், ஆனால் அங்கே அது 70 என்று எல்லாருக்கும் தெரியும். நீங்கள் 150 என்று சொல்லிவிட்டு தமிழில் முப்பதோடு நிறுத்துகிறீர்கள்.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே சேலையை ஆறு பெயரில் ஏற்றி, பக்கம் முழுக்க அதே படம் வரும்படி செய்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு வரம்பு வேண்டும்தான். கூகுளில் காட்டுவதற்குக் கடைக்காரர்கள் பொருள் விவரம் ஏற்றும் மெர்ச்சன்ட் சென்டரிலும் வரம்பு உண்டு: தலைப்பு 150, விவரம் 5000, பொருளின் ஐடி 50 என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள், புதுப்பிக்காத பொருள் 30 நாளில் காலாவதியாகும் என்பதையும் சேர்த்து. விதி கறாராக இருக்கட்டும், முன்னாடியே தெரிந்தால் அதற்குள் நான் வியாபாரம் பண்ணிக்கொள்வேன்.

விற்பனையாளர் கணக்கு விஷயமும் ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருக்கிறவர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தங்கள் மாநிலத்துக்குள் இந்த மாதிரி தளங்களில் விற்கலாம் என்று வந்ததல்லவா, அதை நம்பி என் அண்ணி தன் பான் கார்டில் தனியாகக் கணக்குத் தொடங்கினார். நைட்டி, உள்பாவாடை விற்கிறார், என் சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே வீடு, ஒரே வைஃபை என்பதால் ‘இரட்டைக் கணக்கு’ என்று முடக்கிவிட்டீர்கள். கூட்டுக் குடும்பம் என்று ஒன்று இருப்பதை உங்கள் மென்பொருளிடம் யாராவது சொல்லி வையுங்கள்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. உள்ளே நுழைந்ததும் ‘ஆயிரத்தில் இத்தனை போய்விட்டது’ என்று ஒரு எண் தெரியட்டும், அதில் மறைத்து வைத்தது எத்தனை என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஷீட்டில் எந்த வரிசை ஏறவில்லை என்று வரிசை எண்ணோடு சொல்லுங்கள். தலைப்பை எழுத்தாக எண்ணுங்கள், முடியாதென்றால் பைட் என்றே எழுதி வையுங்கள், நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். சாட்டில் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் ‘உங்கள் கணக்கு வரம்புக்குள்தான் உள்ளது’ என்று ஒரே பதில் வந்தது. உண்மைதான், மீதி 52-ஐ வெளியே தள்ளிவிட்டால் உள்ளே இருப்பது ஆயிரம்தானே.

பழைய 140-ஐ ஒவ்வொன்றாக அழித்து, அந்த 52-ஐயும் மறுபடி ஏற்றிவிட்டேன், இரண்டு ராத்திரி ஆனது. மயில்கழுத்துச் சேலைக்கு இப்போது ஆங்கிலத்தில்தான் தலைப்பு. உங்களிடம் நான் பதிந்த புகார் டிக்கெட் இன்னும் மூடப்படவில்லை, பதிலை அதிலேயே போட்டால் போதும்.