வாளில் இருப்பது யார் பெயர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அதோடு வந்த வாள் படங்களுக்குக் கீழே ‘1799 போரில் ஆங்கிலேய அதிகாரி ஏந்தியது’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வாள் அந்தப் போரைப் பார்த்திருக்க வழியே இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பித்தளைக் கைக்காப்பில் முட்டை வடிவச் சட்டத்துக்குள், கிரீடத்துக்குக் கீழே ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி. அவர் பிறந்ததே 1819இல், பட்டத்துக்கு வந்தது 1837இல். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ராஜா மூன்றாம் ஜார்ஜ்.

சரி, எழுத்தை விடுங்கள். வாளின் அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. கையைச் சுற்றி வளைந்து வரும் கம்பிகள் பழைய தேவாலய ஜன்னல் வேலைப்பாடு போல இருப்பதால் இதைக் ‘கோதிக்’ பிடி என்பார்கள். காலாட்படை அதிகாரிகளுக்கு இது வந்தது 1822இல். முதலில் இந்த வாளின் முதுகு குழாய் போல உருண்டிருக்கும்; 1845இல்தான் பக்கவாட்டில் நீளப் பள்ளம் ஓடும் அலகு வந்தது. உங்கள் படத்தில் பள்ளம் நன்றாகவே தெரிகிறது. அப்புறம், கைக்காப்பின் உள்பக்கம் கீல் வைத்த மடக்குத் தகடு ஒன்று இருந்தது, இடுப்பில் தொங்கும்போது வாள் உடம்போடு ஒட்டி நிற்பதற்காக. 1854இல் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் இரண்டாவது படத்தில் கீல் இல்லை. அலகோ லேசாக வளைந்திருக்கிறது. 1892இல் அது நேராகி, குத்துவதற்கென்றே ஆகிவிட்டது. ஆக, திப்பு இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துச் செய்த வாள் இது.

1799இல் காலாட்படை அதிகாரி கட்டியிருக்க வேண்டியது 1796 மாதிரி வாள். ஒல்லியான நேர் அலகு, சிப்பி போல இரண்டு தகடுகள். வைத்திருந்தவர்களே திட்டிய வாள் அது.

ஆங்கிலேய வாள் எல்லாமே மழுங்கல் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லியிருப்பதும் சரியில்லை. இந்தியாவில் குதிரைப்படையில் இருந்த கேப்டன் நோலன், நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரே வெட்டில் கையைத் துண்டாக்கியதைக் கேள்விப்பட்டு, அது என்ன வாள் என்று விசாரித்தார். எல்லாம் ஆங்கிலேயக் குதிரைப்படை கழித்துப்போட்ட அலகுகள்! நம்மவர்கள் தங்கள் பிடியை மாட்டி, சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். 1853இல் நோலனே இதை எழுதியிருக்கிறார். இரும்பு உறையில் உருவி உருவிச் செருகினால் எந்த வாளின் கூர்தான் நிற்கும்?

ஒரு வேண்டுகோள். அந்த வாளை மறுபடி பார்க்க முடிந்தால், கைக்காப்பை ஒட்டி அலகின் முதுகையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வில்கின்சன் கம்பெனி செய்ததாக இருந்தால் அங்கே ஓர் எண் பொறித்திருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்தில் அதிகாரிகள் சொந்தக் காசில்தான் வாள் வாங்கினார்கள். அந்த எண்ணைக் கொண்டு கம்பெனியின் பழைய கணக்கில் தேடினால், விற்ற வருடம் தெரியும். பல சமயம் வாங்கியவர் பெயரும் கிடைக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர், வேலூர்