ஆசரிப்புக் கூடாரத்தில் மக்கள் செய்தது என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதை விவரிக்கும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமத்தின் பிற்பகுதியை, அளவுகளின் பட்டியல் என்று பலரும் புரட்டித் தள்ளிவிடுகையில், அதை எடுத்து எழுதியமைக்கு நன்றி. ஆனால் இளநீல நூல் பரலோகத்தைக் குறிக்கிறது, சிவப்பு நூல் இரத்தத்தைக் குறிக்கிறது, கூடாரத்தை இழுத்துக் கட்டும் முளைகள் வேறொன்றைக் குறிக்கின்றன என்று பொருளுக்கொரு மறைபொருளாகச் சொல்லிக்கொண்டே போனதில், அந்தக் கூடாரத்துக்கு வந்த மக்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பது கட்டுரையில் இடம்பெறாமலே போய்விட்டது. கிறிஸ்தவ ஆராதனை அதிலிருந்து கற்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த விடுபட்ட இடத்தில்தான் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தை (கடிதத்தை) எழுதியவரே இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார். 9ஆம் அதிகாரத்தில் குத்துவிளக்கு, மேஜை, தேவசமுகத்தப்பங்கள், உடன்படிக்கைப் பெட்டி, கேருபீன்கள் என்று வரிசையாகக் குறிப்பிட்டுவிட்டு, இவற்றை விவரித்துச் சொல்ல இது நேரமன்று என்று கடந்துவிடுகிறார். அவர் நின்று பேசுவது, பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை, இரத்தத்தோடு, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைக்கு உள்ளே போனதைப் பற்றித்தான். அவரே நிறுத்திக்கொண்ட இடத்தில் நாம் மட்டும் வண்ணம் வண்ணமாக விளக்கம் தேட வேண்டியதில்லை. அதோடு, அந்தக் கூடாரம் முதலாவது இஸ்ரவேலருடையது. யூதர்கள் இன்றும் அந்த அதிகாரங்களைத் தங்கள் வேதமாகவே வாசிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் விடை கண்டுபிடிப்பதற்காகப் போடப்பட்ட விடுகதையைப்போல அதை நடத்துவது முறையாகாது.

பிராகாரம் 100 முழ நீளமும் 50 முழ அகலமும் கொண்டது. சுற்றிலும் 5 முழ உயரத் தொங்குதிரைகள். கிழக்கே 20 முழ அகலத்தில் ஒரே வாசல். உள்ளே நுழைந்தவன் ஆசரிப்புக் கூடாரத்துக்கு முன்பாகக் கண்டது 5 முழச் சதுரமும் 3 முழ உயரமும் உள்ள, சீத்திம் மரத்தின்மேல் வெண்கலத் தகடு வேய்ந்த பலிபீடம். குத்துவிளக்கும் தூபவர்க்கமும் அதற்கு அப்பால், ஆசாரியர் மட்டுமே போகக்கூடிய இடத்தில் இருந்தன. முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியாக மாட்டைக் கொண்டுவந்தவன் அதன் தலையின்மேல் தன் கையை வைத்தான். அதைக் கொன்றவனும் அவனே, தோலுரித்துத் துண்டு போட்டவனும் அவனே என்று லேவியராகமம் 1ஆம் அதிகாரம் சொல்கிறது. இரத்தத்தைத் தெளிப்பதும் நெருப்பைக் கவனிப்பதும் ஆசாரியனின் வேலை. ஆராதிக்க வந்தவன் அங்கே பார்வையாளனாக நிற்கவில்லை. அவன் கையில் இரத்தம் பட்டது. மேடையில் சிலர் பாடப் பெரும்பாலோர் பார்த்துக்கொண்டு நிற்பதையும், பாவ அறிக்கையை ஓரிரு வரியில் முடித்துக்கொண்டு நேரே துதிக்குத் தாவுவதையும் ஆராதனை என்று பழகிவிட்ட சபைகள் இந்த ஒரு அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால் போதும்.

மாடு இல்லாதவன் ஆடு கொண்டுவரலாம். அதுவும் முடியாதவனுக்குக் காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ போதும். குற்றத்துக்காகக் கொண்டுவரும் பாவநிவாரண பலியில், இரண்டு புறாக்களுக்கும் வழியில்லாதவனிடம் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கூடாரத்தின் அஸ்திவாரத்தைப் பற்றிய கணக்கு இன்னும் வியப்பானது. 20 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான ஆண்கள் ஆளுக்கு அரைச் சேக்கல் (ஒரு சிறு எடை) வெள்ளி கொடுக்க வேண்டும். ஐசுவரியவான் அதிகம் கொடுக்கக் கூடாது, தரித்திரன் குறைத்துக் கொடுக்கக் கூடாது. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். அவர்கள் கொடுத்த வெள்ளியில் 100 தாலந்து (பெரிய எடை அளவு), தாலந்துக்கு ஒன்றாக, பலகைகளையும் தூண்களையும் தாங்கும் 100 பாதங்களாக வார்க்கப்பட்டது. பொன்தகடு மூடிய 48 பலகைகளுக்குக் கீழே இரண்டிரண்டாக 96 பாதங்கள், திரைச்சீலையின் தூண்களுக்கு 4. பலகைகளில் பளபளத்த அந்தப் பொன் முழுவதும் எல்லோரும் சரிசமமாகக் கொடுத்த வெள்ளியின்மேல்தான் நின்றது. இதற்கு மறைபொருள் எதுவும் தேவையில்லை. யாத்திராகமம் 38ஆம் அதிகாரமே வரவு செலவு எழுதி வைத்திருக்கிறது. மற்ற காணிக்கைகள் மனமுவந்து கொடுத்தவை. அவை வேலைக்கு வேண்டியதற்கும் மிஞ்சியபோது, இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் செய்தார். காணிக்கையைப் பற்றி அடிக்கடி பிரசங்கிக்கிறவர்கள் இந்தப் பகுதியை ஏனோ எடுப்பதில்லை.

கூடாரத்துக்கான கட்டளைகளுக்கும் (25 முதல் 31), அதைச் செய்து முடித்த அதிகாரங்களுக்கும் (35 முதல் 40) நடுவே, மக்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கிய சம்பவம் வருகிறது. மோசேயின் அண்ணன் ஆரோன் அந்தக் கன்றுக்கு முன்பாகப் பலிபீடம் கட்டி, நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்று அறிவித்தார். கர்த்தருடைய பெயர் இருந்தது, பலிகள் இருந்தன, ஆடலும் பாடலும்கூட இருந்தன. உற்சாகத்தை வைத்து ஆராதனையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இயேசு மரித்தபோது திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் கிழிந்ததை (அது எருசலேம் ஆலயத்தின் திரை) எடுத்துக்காட்டி, இனி இந்த ஒழுங்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வழி திறந்திருக்கிறது என்று எபிரெயர் 10ஆம் அதிகாரமும் சொல்கிறது. ஆனால் துர்மனச்சாட்சி நீங்க இருதயம் தெளிக்கப்பட்டவர்களாகவும் சரீரம் சுத்த ஜலத்தால் கழுவப்பட்டவர்களாகவும் சேருங்கள் என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. பிராகாரத்தில் பலிபீடமும், அடுத்து ஆசாரியர் கைகால் கழுவும் தொட்டியும் இருந்த அதே வரிசை. அதைத் தொடர்ந்து, ஒருவரையொருவர் கவனித்துச் சபை கூடிவருதலை விடாதிருக்கச் சொல்கிறது; 13ஆம் அதிகாரத்தில், துதியோடு தானதர்மத்தையும் தேவன் விரும்பும் பலிகளில் சேர்த்துவிடுகிறது.

கட்டுரை தொடராக வெளிவருமென்றால், அடுத்த பகுதிகளில் லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களையும் எபிரெயர் 9, 10ஆம் அதிகாரங்களையும் அருகருகே வைத்து விளக்கும்படி கட்டுரையாளரைத் தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நிறங்களின் பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்