கணிதத்துக்காக உடற்கல்வி மணியைப் பறிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் வட்டாரப் பள்ளி நிர்வாகக் குழுக்களில் உள்ள பெற்றோர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். 10 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு கேப்ஸ் என்ற நம் தேசியப் பாடத்திட்டம், லைஃப் ஓரியண்டேஷன் என்ற வாழ்க்கைத்திறன் பாடத்துக்கென்று வாரம் 2 மணி நேரம் ஒதுக்குகிறது. அதில் 1 மணி உடற்கல்வி. தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது அந்த 1 மணிதான். அட்டவணையில் பெயர் அப்படியே இருக்கும். வகுப்பில் கணிதம் ஓடிக்கொண்டிருக்கும். பட்டப்படிப்புத் தகுதிக்கான நான்கு பாடங்களில் லைஃப் ஓரியண்டேஷன் சேராது என்பதால், பெற்றோரும் இதைக் கேட்பதில்லை. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு தவறு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் த்ருவா ரிவியேர் என்ற ஊரில் 1970களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 1 மணி கூடுதல் உடற்கல்வி கொடுத்தார்கள். மற்ற பாடங்களின் நேரம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தது. மதிப்பெண் குறையவில்லை. நாள்தோறும் 1 மணி எடுத்தே ஒன்றும் கெடவில்லை என்றால், வாரத்துக்கு ஒரு மணியைப் பிடுங்கிக் கணிதத்தில் போடுவதால் என்ன கிடைத்துவிடும்?

2009-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 9, 10 வயதுப் பிள்ளைகளை ட்ரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவிட்டு, இதயத்துடிப்பு பழைய நிலைக்கு இறங்கியபின் சோதித்தார்கள். கவனச்சிதறலைத் தள்ளிவைத்துச் சரியான விடையைத் தேர்வதிலும், படித்ததைப் புரிந்துகொள்வதிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். கவனத்தோடு தொடர்புடைய மூளை அலையும் உயர்ந்திருந்தது. 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 221 பிள்ளைகள். 9 மாத காலம் பள்ளி நேரம் முடிந்தபின் உடற்பயிற்சி செய்தவர்களிடம் மனக்கட்டுப்பாடும் வளைந்துகொடுக்கும் சிந்தனையும் மேம்பட்டன.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: பயன் சிறியது. 79 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2012-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அப்படித்தான் சொல்கிறது. பாடத்தோடு உடலசைவைக் கலந்து நடத்திய ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை மதிப்பெண்ணை உயர்த்தவே இல்லை. 40 வாங்குகிறவனை ஓட்டப்பயிற்சி 80 வாங்க வைக்காது. அப்படி விற்கிறவர்களை நம்பாதீர்கள். ஓடிவிட்டு வந்த பிள்ளை அடுத்த பாடத்தைக் கூடுதல் கவனத்தோடு கேட்கும், அவ்வளவுதான்.

அதே 2012 அலசலின்படி, பயிற்சி முடிந்து 11 முதல் 20 நிமிடத்துக்குள் பயன் கூடுதலாக இருக்கிறது, அதன்பின் தேய்கிறது. ஆகவே உடற்கல்வியை வெள்ளிக்கிழமைக் கடைசி மணியில் தள்ளுவது அதை வீணாக்குவதே. 1 மணியை வேறு வேறு நாள்களில் இரண்டு அரைமணியாகப் பிரியுங்கள். இரண்டையும் காலையில் வைத்து, அடுத்த மணியைக் கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ கொடுங்கள். பிப்ரவரியில் டர்பனின் புழுக்கத்தில் நண்பகல் 12 மணிக்கு மைதானத்தில் நிறுத்தினால், திரும்பி வரும் பிள்ளை மேசையில் தலைசாய்க்கத்தான் செய்யும்.

அரைமணி எங்கே கரைகிறது என்றால், உடை மாற்றுவதிலும் வரிசையில் நிற்பதிலும். உடற்கல்வி நாளில் விளையாட்டு உடையிலேயே வீட்டிலிருந்து வரச்சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு முழுநீளக் கால்சட்டையை அனுமதியுங்கள், தயக்கத்தில் பாதி அங்கேயே தீரும். 40 பேருக்கு ஒரு பந்து கொடுத்தால் நாலு பேர் விளையாடுவார்கள், மீதிப் பேர் கதை பேசுவார்கள். பதிலாக 5 நிலையங்கள், நிலையத்துக்கு 8 பேர்: கயிறு தாண்டுதல், 10 மீட்டர் இடைவெளியில் இரு கூம்புகளுக்கிடையே ஓடித் திரும்புதல், இருவர் இருவராகப் பந்தெறிந்து பிடித்தல், படியேறி இறங்குதல், உட்கார்ந்தெழுதல். 3 நிமிடம் பயிற்சி, 1 நிமிடம் இடமாற்றம் என்றால் 20 நிமிடம். முன்னால் 5 நிமிடம் உடலைச் சூடேற்றவும், பின்னால் 5 நிமிடம் மெதுநடைக்கும் தண்ணீருக்கும். வாங்கவேண்டியது 8 கயிறு, 4 பந்து, 6 கூம்பு.

வேகம் சரியா என்று பார்க்க, பயிற்சி நின்றவுடன் 15 விநாடி நாடியை எண்ணச்சொல்லுங்கள். 15, 16 வயதுக்கு 32 முதல் 37 துடிப்பு போதும். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. மூச்சிரைக்க ஓடவிட்டு உடனே தேர்வுத்தாளை நீட்டினால் பயன் கிடைக்காது.

தோற்றவர் வெளியேறும் ஆட்டங்களைக் குறையுங்கள். அதிகம் அசையவேண்டிய பிள்ளைதான் முதலில் வெளியே உட்கார்கிறது. விதி மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டம் வெறும் சுற்றோட்டத்தைவிட மேல். விசில் அடித்தால் எதிர்த்திசை என்பதுபோல, யோசிக்கவும் அடக்கிக்கொள்ளவும் வைக்கும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றவிடுவதும், தண்டனையாக உடற்கல்வியை நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்களை ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். மருத்துவர் சொல்லியிருந்தால் 15 நிமிடம் முன்னதாக இன்ஹேலர், பிறகு நீண்ட சூடேற்றம்; அதன்பின் பெரும்பாலோர் எல்லாரோடும் ஆடலாம். மூச்சிறுக்கம் ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலும் வரலாம் என்பதால், வகுப்புக்குத் திரும்பும்வரை ஒருவர் கண்ணில் வைத்திருக்கவேண்டும்.

1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பள்ளி நாளின் நேரத்தை வகுக்கும் பொறுப்பை நிர்வாகக் குழுவிடம் தந்திருக்கிறது. அக்குழுவில் பெரும்பான்மை பெற்றோரான நீங்கள்தான். எந்த மணியில் எந்தப் பாடம் என்பது தலைமையாசிரியர் கையில். இருவரும் சேர்ந்து அடுத்த கூட்டத்திலேயே மூன்றை முடிவுசெய்யுங்கள்: 12-ஆம் வகுப்பின் உடற்கல்வி மணி தேர்வுக் காலத்திலும் நிற்கும் என்ற தீர்மானம், இரண்டு காலை அரைமணிகள், கயிறு பந்து கூம்புக்கான தொகை. அட்டவணையை மாற்றி அமைக்க உதவி தேவைப்பட்டால் வந்து உட்கார்ந்து செய்துகொடுக்கிறோம்.

இப்படிக்கு,
டர்பன் வட்டார உடற்கல்வி, லைஃப் ஓரியண்டேஷன் ஆசிரியர்கள் சிலர்