டைச் இருக்கட்டும்

லிவர்பூல்,
29 ஏப்ரல் 2023

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம்; அங்கேயும் அப்படியே என்று எண்ணுகிறேன். உன் தைப்பொங்கல் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அதற்குரிய வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வியாழக்கிழமை இரவு ஆட்டம் முடிவதற்குள்ளாகவே நீ அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தி. விடிவதற்குள் நம் எவர்டன் கால்பந்து அணியின் மேலாளர் ஷான் டைச்சை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தாய். லெஸ்டரில் குடியேறிய பிறகு உனக்கும் ஊர்ப்பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. அங்கேதான் இந்த மாதத் தொடக்கத்தில் பிரெண்டன் ராஜர்ஸை அனுப்பிவிட்டு, டீன் ஸ்மித்தை அழைத்து வந்து, இன்னமும் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கப்போகிற கடைசி மூன்று இடங்களுக்குள்ளேயே கிடக்கிறார்கள்.

நீ தொலைக்காட்சியில் பார்த்ததை நான் நேரில் பார்த்தேன் என்பதால் என் வேதனை உன்னுடையதைவிட ஒரு பிடி கூடுதல் என்று உரிமை கொண்டாடலாம். நியூகாசில் அணி நம் குடிசன் பார்க் மைதானத்துக்கு வந்து நான்கு கோல்கள் அடித்துவிட்டுப் போனது. முதல் கோலுக்குப் பிறகும் நாம் தலை தூக்கலாம் என்றுதான் இருந்தது. 72ஆவது நிமிடத்திலும் 75ஆவது நிமிடத்திலும் இரண்டு விழுந்தபின் மைதானத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மெக்னீல் கார்னரிலிருந்து நேராகவே ஒரு கோல் போட்டான். அந்த மகிழ்ச்சியைக் கை தட்டி முடிப்பதற்குள் ஐசக் இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு, நம் ஆட்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, மர்ஃபியின் காலில் கொண்டுபோய் வைத்தான். நம்மோடு ஆட்டம் பார்க்கும் பெரியவர் தொப்பியை அணிந்துகொண்டு, வழக்கமான அந்த ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்தார். எந்தச் சொல் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

நிலைமையை நான் மறைக்கவில்லை. 33 ஆட்டங்களில் 28 புள்ளிகள், 19ஆம் இடம். நமக்கும் கீழே இருப்பது சவுத்தாம்டன் மட்டும். 33 ஆட்டங்களில் நாம் அடித்த கோல்கள் 25. பிக்ஃபோர்ட் மட்டும் கோல்கம்பத்தின் நடுவே நிற்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே ஒரு படி கீழேயுள்ள சாம்பியன்ஷிப் பிரிவிலிருந்துதான் வந்திருக்கும். டைச் பொறுப்பேற்ற பிறகு 13 ஆட்டங்களில் மூன்று வெற்றி, நான்கு சமநிலை, ஆறு தோல்வி என்பதும் உண்மை. ஆனால் நீ ஒன்றை வசதியாக விட்டுவிடுகிறாய். அவருக்கு முன் இருந்த லாம்பார்டு 20 ஆட்டங்களில் சேர்த்தது 15 புள்ளிகள். டைச் 13 ஆட்டங்களில் சேர்த்திருப்பது 13. அந்த 13இல் மூன்று, அப்போது முதலிடத்தில் இருந்த ஆர்சனலிடமிருந்து வந்தவை. டார்கோவ்ஸ்கி தலையால் முட்டிய அந்தப் பந்தைப் பார்த்துவிட்டு நீ தொலைபேசியில் கத்திய கத்தலில் உன் மகள் விழித்துக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது. அன்று டைச் உனக்கு மகாத்மா.

உன் வலுவான வாதம் கிரிஸ்டல் பேலஸ்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வியேராவை அனுப்பிவிட்டு, 75 வயது ராய் ஹாட்ஜ்சனைத் திரும்ப அழைத்து வந்தார்கள். வந்த வேகத்தில் மூன்று வெற்றிகள், இப்போது நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் ஹாட்ஜ்சனுக்கு ஒலிசேயும் எஸேயும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வழியை விட்டு விலகி நின்றாலே போதும், அவர்கள் ஆடிவிடுவார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்? ரிச்சார்லிசனைக் கோடையிலும் ஆன்தனி கார்டனை ஜனவரியிலும் விற்றுவிட்டு, அந்த ஜனவரி முழுவதும் ஒரு ஆளைக்கூட வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாம். கால்வர்ட்-லூயின் பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து காயத்தில் கிடந்து, போன சனிக்கிழமைதான் திரும்பினான். மறுபக்கத்தையும் பார்: லீட்ஸ் மார்ஷை அனுப்பியது, சவுத்தாம்டன் ஒரே பருவத்தில் இரண்டு பேரை அனுப்பியது, லெஸ்டர் கதை உன் வாசலிலேயே நடக்கிறது. இந்தக் கும்பலில் மேலாளரை மாற்றாமல் ஸ்டீவ் கூப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிற நாட்டிங்காம் ஃபாரஸ்ட், புதன்கிழமை பிரைட்டனை 3-1 என்று வென்று நமக்கு இரண்டு புள்ளிகள் மேலே நிற்கிறது. இதை வைத்து ஒரு விதி எழுத நான் முனையவில்லை. நீ எழுதிய விதி செல்லாது என்று மட்டும் சொல்கிறேன்.

உரிமையாளர் மோஷிரி 2016இல் வந்த பிறகு கூமன், அலர்டைஸ், மார்கோ சில்வா, அன்செலோட்டி, பெனிடஸ், லாம்பார்டு என்று வரிசையாக ஆறு மேலாளர்கள், டைச் ஏழாவது. ஆறு கொத்தனார்கள் ஆளுக்கொரு சுவரை எழுப்பிவிட்டுப் போன வீட்டில், கூரை ஏன் ஒழுகுகிறது என்று ஏழாவது ஆளைப் பிடித்து உலுக்குகிறோம். 2017 கோடையை எண்ணிப் பார். லுகாகுவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றுவிட்டு, ரூனி, கிளாசன், சிகுர்ட்சன் என்று ஒரே இடத்தில் ஆடக்கூடிய மூன்று பேரைக் கொண்டுவந்தோம். லுகாகுவின் இடத்துக்கு உருப்படியாக ஒருவனை வாங்கவில்லை. அந்த ஓட்டை இன்றுவரை அடைபடவில்லை. அன்றைக்கே நம் கூட்டாளி கணக்குப்பிள்ளை, இவர்கள் அணியை வாங்கவில்லை, பெயர்களை வாங்குகிறார்கள் என்று சொன்னபோது நீயும் நானும் அவரை வின்ஸ்லோ மதுக்கடையிலிருந்து எழுப்பி அனுப்பாத குறை. நாம் துரத்தியவர்களின் நிலையையும் பார். மார்கோ சில்வா இரண்டு வாரங்களுக்கு முன் தன் ஃபுல்ஹாமை இங்கே அழைத்து வந்து 3-1 என்று நம்மை அடித்துவிட்டுப் போனார். தானாகவே நம்மை விட்டுப் போன அன்செலோட்டி, அடுத்த ஆண்டே ரியல் மாட்ரிட்டுடன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். மேலாளர்கள் எல்லோரும் மோசமானவர்கள் என்றால் அவர்கள் குடிசன் பார்க்கை விட்டு வெளியேறிய உடனே எப்படித் தேறிவிடுகிறார்கள்?

டைச்சிடம் குறையே இல்லை என்று நான் வாதிடுகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. நெட்டைப் பந்தை நம்பி ஆடுகிற அணிக்கு அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஆள் முன்னால் வேண்டும். அந்த இடத்தில் மோபேயை நிறுத்திவிட்டு அதே பந்தை அவன் தலைக்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை. செல்சியில் கடைசி நேரத்தில் சமன் செய்து கொடுத்த சிம்ஸ் பையனுக்கு அதன்பிறகு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். மாற்று வீரர்களை இறக்குவதற்கு மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பெரியவர் ஒரு இறைச்சிப் பேஸ்ட்ரி முழுவதையும் தின்று முடித்துவிடுகிறார், அவருக்குப் பல் எத்தனை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் லாம்பார்டு மூலையில் உட்கார வைத்திருந்த டூக்குரேயை எழுப்பி ஆட வைத்தவர் டைச். மெக்னீலிடமிருந்து இந்தக் கோல்களை எடுத்தவர் டைச். இல்லாததைக் கேட்காமல், இருப்பதைக் கொண்டு எதையாவது செய்யப் பார்க்கிற ஒருவர் இப்போதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறார்.

அவரைப் பற்றி நாம் கற்க வேண்டியது பர்ன்லியில் இருக்கிறது. 2015இல் அவர் கையில் பர்ன்லி கீழே இறங்கியது. அவர்கள் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே சாம்பியன்ஷிப்பை வென்று மேலே ஏறினார்கள். 2018இல் ஏழாம் இடத்தைப் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே போனார்கள். போன ஆண்டு ஏப்ரலில், பருவம் முடிய ஒரு சில வாரங்களே இருந்தபோது, பயந்துபோய் அவரை அனுப்பினார்கள், அப்படியும் இறங்கினார்கள். நீ இப்போது கேட்பது அந்த இரண்டாவது காரியத்தைத்தான்.

நம் கிளப்பின் பழைய கதையும் இதைத்தான் சொல்கிறது. பழைய மேலாளர் கெண்டலின் கதையை நான் எடுக்கப்போவதில்லை, பெரியவர் அதைத் தேய்த்துத் தேய்த்து நூலாக்கிவிட்டார். அதற்கும் முந்தையது இது. எவர்டன் தன் வாழ்நாளில் இரண்டே முறைதான் கீழே இறங்கியிருக்கிறது. 1930இல் இறங்கியபோது, கோலடி வீரர் டிக்ஸி டீனும் போகவில்லை, செயலாளராகவும் மேலாளராகவும் இருந்த மக்கின்டாஷையும் யாரும் துரத்தவில்லை; 1931இல் ஏறினோம், 1932இல் லீக் பட்டம், 1933இல் எஃப்.ஏ. கோப்பை. 1951இல், கடைசி நாளில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயிடம் 6-0 என்று தோற்று இறங்கினோம். கிளிஃப் பிரிட்டன் அப்படியே இருந்தார், 1954இல் அவரே மேலே கொண்டுவந்தார். இடையில் இரண்டாம் பிரிவில் 16ஆம் இடம் வரை சரிந்ததைச் சின்னப் பையனாக அப்பாவின் தோளிலிருந்து பார்த்ததாகப் பெரியவர் சொல்வது வழக்கம். அதற்குப் பின் இன்றுவரை நாம் இறங்கியதில்லை. 1994இல் விம்பிள்டனுக்கு எதிராக 0-2இலிருந்து 3-2. 1998இல் கவன்ட்ரியுடன் சமநிலை, கோல் வித்தியாசத்தில் பிழைப்பு. போன மே மாதம் பேலஸுக்கு எதிராக மறுபடியும் 0-2இலிருந்து 3-2. அந்த இரவில் நீ மைதானத்துக்குள் குதித்து ஒற்றைச் செருப்புடன் திரும்பி வந்தாய். இதை உன் மாமியாருக்கு நான் இன்னும் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இனி விளையாட்டுப் பேச்சை விடுகிறேன். எனக்கு உண்மையான பயம் டைச்சைப் பற்றியதே இல்லை. 1951இல் இறங்கியவர்களுக்கு இருந்தது கால்பந்துப் பிரச்சினை மட்டும். இப்போது பிராம்லி-மூர் துறையில் 52,000க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் நமக்கு ஒரு புதிய மைதானம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நான் மாதம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கிறேன், கூரையின் இரும்பு ஆற்றோரத்தில் வளைந்து நிற்பது அழகாகத்தான் இருக்கிறது. அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? உக்ரைன் போருக்குப் பிறகு, மோஷிரியின் நெடுநாள் கூட்டாளியான ரஷ்யக் கோடீஸ்வரர் உஸ்மானோவ் மீது தடை விழுந்ததும், அவருடைய நிறுவனத்தின் விளம்பரப் பணம் நின்றுபோயிற்று. 2021 வரையிலான மூன்று ஆண்டுகளில் நம் கிளப் காட்டிய நட்டம் 37 கோடி பவுண்டுக்கு மேல். லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளுக்கு அனுமதிக்கப்படுவது 10.5 கோடி. கொரோனாக் காலத்து இழப்பு, மைதானச் செலவு என்று சிலவற்றைக் கழித்துக் காட்டலாம் என்று கணக்குப்பிள்ளை விளக்கினார். ஆனால் எல்லாவற்றையும் கழித்துக் காட்ட முடிந்திருந்தால், போன மாதம் பிரீமியர் லீக் நம்மைத் தனி ஆணையத்தின் முன் நிறுத்தியிருக்காது. இந்த நிலையில் கீழே இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் சுருங்கும், இருக்கிற நல்ல வீரர்களை வந்த விலைக்கு விற்க வேண்டிவரும், பாதி கட்டிய மைதானம் கழுத்தில் தொங்கும். கணக்குப்பிள்ளை இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னார். அவர் எப்போதும் கிண்டல் செய்கிற மனிதர் என்பதால், அன்று கிண்டல் இல்லாமல் பேசியது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஜனவரியில் சவுத்தாம்டன் ஆட்டத்துக்கு இயக்குநர்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லி மைதானத்துக்கே வரவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் இருக்கைகளை விட்டு எழாமல், நிர்வாகம் வெளியேற வேண்டும் என்று முழங்கினோம். நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். பத்து நாட்களுக்குள் லாம்பார்டை அனுப்பினார்கள், நிர்வாகம் அப்படியே இருந்தது. மேலாளர் போனால் நாலு வாரத்துக்கு நம் வாய் அடைபடும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது டைச் போக வேண்டும் என்று நீ கேட்டால், மோஷிரிக்கும் கிளப் தலைவர் கென்ரைட்டுக்கும் இன்னொரு நாலு வாரத்தை நீயே எடுத்துக் கொடுக்கிறாய். என் கோபம் அதுதான். இறங்கினாலும் டைச் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. வின்ஸ்லோவில் இதைச் சொன்னபோது ஆதரவாகக் கை தூக்கியது பெரியவர் ஒருவர்தான், அவரும் அடுத்த கோப்பைக்காகத் தூக்கினாரோ என்னவோ.

மிச்சம் ஐந்து ஆட்டங்கள். திங்கட்கிழமை உன் ஊரில். பிறகு பிரைட்டன், ஜனவரியில் நம் மைதானத்திலேயே நான்கு கோல் அடித்தவர்கள், அங்கே போய் எதுவும் கிடைக்காது, அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. மான்செஸ்டர் சிட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வுல்வ்ஸிடம் ஒரு புள்ளி, கடைசி நாள் போர்ன்மத்தை இங்கே வென்றால் மூன்று. உன் ஊரில் வென்றால் மொத்தம் 35. அது போதுமா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். லீட்ஸ் இனி எத்தனை ஆட்டம் தோற்கும் என்று சொல், பிறகு சொல்கிறேன் என்றார். திங்கள் தோற்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண் என்பது மட்டும் எனக்கே தெரிகிறது.

வெளியூர்ப் பகுதியில் எனக்கும் பெரியவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு உன் வீட்டில் இருப்போம். உன் மகள் லெஸ்டர் சட்டையில்தான் கதவைத் திறப்பாள் என்று தெரியும். பரவாயில்லை, அதுவும் நீலம்தான். பெரியவருக்கு உப்பு குறைத்துச் சமைக்கச் சொல். ஆட்டம் முடிந்து எத்தனை மணியானாலும் டைச்சைப் பற்றி உன்னோடு பேசி முடிக்காமல் தூங்கப் போவதில்லை, எனவே செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்

பி.கு.: இன்று பிற்பகல் ஃபாரஸ்ட், பிரெண்ட்ஃபோர்டில் ஆடுகிறது. தோற்றால் உடனே தொலைபேசியில் அழை. வென்றால், இந்தக் கடிதத்தில் ஸ்டீவ் கூப்பரைப் பற்றி நான் எழுதிய பகுதியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு, பேசாமல் இரு.