பி.டி. சாருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் நன்றி

அன்புடையீர்,

இணையத் தனியுரிமை பற்றி ஆறு பள்ளிகளில் பேசி முடித்துவிட்டோம். உதவியவர்கள் நிறையப் பேர். சிலருக்காவது எழுதிச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது.

முதல் நன்றி, எங்கள் பேச்சுக்குக் கொட்டாவி விட்ட பதினொன்றாம் வகுப்புக்கு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், வழக்குப் போட்ட புட்டசாமியே ஓய்வுபெற்ற நீதிபதிதான் என்றெல்லாம் ஸ்லைடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அக்கா, எங்க வீட்டுல என் ஃபோனை எடுத்துப் பார்க்குறாங்களே, அதுக்கு இந்தத் தீர்ப்பு செல்லுமா?"

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்களுக்குத்தான் பதில் வரவில்லை. தங்கச்சி, அடுத்த ஐந்து பள்ளிகளிலும் உன் கேள்வியில்தான் ஆரம்பித்தோம். ஃபோனை யார் பார்த்தால் கோபம் வரும் என்று கேட்டால் அம்மா, அண்ணன் என்று பதில் கொட்டும். சரி, டார்ச் செயலிக்கு உன் தொடர்பு எண்கள் எதற்கு என்று அடுத்துக் கேட்போம். பள்ளியில் ஃபோன் கிடையாது என்பதால், எந்தச் செயலி எதற்கெல்லாம் அனுமதி வாங்கியிருக்கிறது என்று வீட்டில் பார்த்து எழுதிவரச் சொன்னோம். ஒரு பையன் பாட்டியின் ஃபோனையும் சேர்த்து நான்கு பக்கம் எழுதி வந்தான்!

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றதும் எழுந்த முணுமுணுப்பு தனிக்கதை. அது நியாயமான முணுமுணுப்பு என்பதே என் கட்சி.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வது ஊரறிந்த வழக்கம். கேட்காமலே விட்டுக்கொடுத்த பி.டி. சாருக்கு நன்றி.

அப்புறம், ஒரு பள்ளியின் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். "வாட்ஸப்பில் அனுப்புங்க, பிரின்ட் போட்டுடலாம்" என்று வாங்கிய ஆதார் அட்டைகள் அவர் ஃபோனில் குவிந்து கிடந்தன. தயங்கித் தயங்கித்தான் சொன்னோம். கேலரியைத் தள்ளிப் பார்த்தவர் அவராகவே பதறிவிட்டார். இப்போது தினமும் ஷட்டரை இறக்குமுன் எல்லாவற்றையும் அழிக்கிறார். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரை இறக்கிக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். எங்கள் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு நடந்த பிள்ளைகள், அந்த அட்டையை நின்று படிக்கிறார்கள்.

ப்ரொஜெக்டர் கொடுத்த தலைமையாசிரியர் அம்மா, திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறோம். முதல் நாளுக்கு அப்புறம் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.