ஹீலா செல்களை விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹீலா செல்களையும் அவற்றை வைத்துச் செய்த பொருட்களையும் விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நீங்கள் விற்கும் ஹீலா செல்கள், ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டு வருபவை. உங்களில் ஒருவரான தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது ஹென்ரியெட்டா லேக்ஸின் குடும்பத்தார் 2021 அக்டோபர் 4 அன்று, அவர் இறந்து சரியாக 70 ஆண்டு ஆன நாளில், அமெரிக்காவின் பால்டிமோரில் வழக்குப் போட்டார்கள். அதற்கு நிறுவனம் சொன்ன பதில்களில் முக்கியமானது, வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டது என்பது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த மடல்.

தாமதம் யாரால் வந்தது? 1951இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போன 5 பிள்ளைகளின் தாய் ஹென்ரியெட்டா. சிகிச்சையின்போது கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜார்ஜ் கை (George Gey) என்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடமும் கேட்கவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. 31 வயதில் அவர் போய்விட்டார், செல்கள் மட்டும் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. பத்திரிகைகளில் வெகுகாலம் 'ஹெலன் லேன்' என்ற இல்லாத பெயர்தான் உலவியது. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது 1973இல், அதுவும் எப்படி என்றால், மூத்த மருமகள் ஒரு தோழி வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில், புற்றுநோய் ஆய்வில் வேலை பார்க்கும் விருந்தாளி ஒருவர் அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு, எங்கள் ஆய்வகத்தில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் செல்களை வைத்துத்தான் வேலை செய்கிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னதால்! மாமியார் இறந்து 20 வருடத்துக்கு மேல் ஆன ஒரு மருமகளுக்கு அந்தச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காலத்தில் ஹாப்கின்ஸிலிருந்து ரத்தம் எடுக்கவும் ஆட்கள் வந்தார்கள். ஹீலா செல்கள் மற்ற செல் வளர்ப்புகளுக்குள் புகுந்து கெடுத்துவிட்டிருந்தன, எது ஹீலா எது ஹீலா இல்லை என்று பிரித்துப் பார்க்கக் குடும்பத்தின் மரபணு அடையாளம் தேவைப்பட்டது. பிள்ளைகளோ தங்களுக்கும் புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள் என்றே நினைத்துக் கையை நீட்டினார்கள். மகள் டெபோரா அப்போது இருபதுகளில் இருந்தார், அம்மா இறந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், முடிவு எப்போது வரும் என்று பயந்துபோய்க் காத்திருந்தார். அப்படி ஒரு முடிவு வரப்போவதே இல்லை என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்திடம் போய்க் காலக்கெடு பேசுவது எந்த ஊர் நியாயம்?

சரி, 1951இல் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஜார்ஜ் கை அந்தச் செல்களைக் காசு வாங்காமல்தான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், ஹீலாவை விற்றுத் தாங்கள் லாபம் பார்க்கவில்லை என்று ஹாப்கின்ஸும் சொல்கிறது. ஆனால் நான் எழுதுவது உங்களுக்கு. நீங்கள் விற்பது இன்றைக்கு, கதை முழுக்கத் தெரிந்த பிறகு.

செல்லைப் பொருளாக்கியது எங்கள் உழைப்பு என்று ஒரு வாதம் வரும். உழைப்பு இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அதே ஜார்ஜ் கை, அதே ஆய்வகத்தில், எத்தனையோ பேருடைய செல்களை வளர்த்துப் பார்த்தார், எல்லாம் செத்துப்போயின. ஹென்ரியெட்டாவின் கட்டிக்குள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி 18 வைரஸ் புகுந்திருந்தது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஆய்வு வரிசைக்காக ஹெரால்டு சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, சாகாத தன்மை கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்ததில்லை, அவரைக் கொன்ற நோயிலிருந்து வந்தது. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவியதும் அதுதான், உங்கள் கணக்கில் வரவாக ஏறுவதும் அதுதான்.

எல்லோருக்கும் பங்கு கொடுக்க ஆரம்பித்தால் ஆராய்ச்சியே நின்றுவிடும் என்பது அடுத்தது. (தன் செல்களை வைத்து மருத்துவர் காசு பார்த்தார் என்று ஜான் மூர் என்ற நோயாளி போட்ட வழக்கில், 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இப்படித்தான் பயந்தது. ஆனால் தன் பண லாபத்தை நோயாளியிடம் மருத்துவர் மறைக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது, அந்தப் பாதியை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை.) இதற்குப் பதில் 2013லேயே கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் சில விஞ்ஞானிகள் ஹீலாவின் முழு மரபணுத் தொகுப்பையும் யாரையும் கேட்காமல் இணையத்தில் போட்டார்கள். அதில் இருப்பது இறந்துபோன ஒருவரின் ரகசியம் மட்டுமில்லை, உயிரோடு இருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய செய்தியும்தான். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். பிறகு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ் குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து பேசினார். எல்லோருக்கும் திறந்து விடலாம், அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம், யாருக்கும் தராமலும் இருக்கலாம் என்று வழிகள் முன்னால் இருந்தன. அத்தனை வருடம் ஏமாந்த குடும்பம் எதைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? நடு வழியை. விண்ணப்பங்களைப் பார்க்க 6 பேர் குழு, அதில் 2 பேர் குடும்பத்தார். ஆராய்ச்சி நிற்கவில்லை.

ஒரு அரசு நிறுவனம் சில மாதங்களில் செய்ததை நீங்கள் ஏன் நீதிமன்றப் படி ஏறாமல் செய்ய மறுக்கிறீர்கள்? தெர்மோ ஃபிஷர் வழக்கு சமரசத்தில் முடிந்ததை ஹென்ரியெட்டாவின் 103வது பிறந்தநாளான 2023 ஆகஸ்ட் 1 அன்று குடும்பத்தின் வக்கீல்கள் அறிவித்தார்கள். குடும்பத்துக்கு நல்லது, சந்தோஷம். ஆனால் நிபந்தனைகள் ரகசியம். எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று வெளியே யாருக்கும் தெரியாது, அதனால் அடுத்த நிறுவனத்துக்கு அது முன்னுதாரணமாகவும் ஆகாது. அல்ட்ராஜெனிக்ஸ், நோவார்டிஸ், வியாட்ரிஸ் என்று குடும்பம் ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் மருத்துவக் காப்பீடுகூட இல்லாமல் காலம் தள்ளியவர்கள். அம்மாவின் செல்கள் மருந்து உலகத்தைத் தூக்கி நிறுத்தின, பிள்ளைகளுக்கு மருந்து வாங்கக் கையில் காசில்லை.

நான் கேட்பது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஹீலா சார்ந்த விற்பனையில் எத்தனை சதவீதம் குடும்பத்துக்கு, அல்லது அவர்கள் கைகாட்டும் அறக்கட்டளைக்குப் போகும் என்று, வழக்கு வருவதற்கு முன்பே, நீங்களாகவே அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த எண்ணை ரகசிய ஒப்பந்தத்துக்குள் புதைக்காமல் உங்கள் விலைப்பட்டியலிலேயே, ஹீலா குப்பியின் விலைக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். வாங்கும் ஆய்வகங்களும் பார்க்கட்டும், உங்கள் போட்டி நிறுவனங்களும் பார்க்கட்டும்.